பிரிஜிட் தேவி வழிபாடு: புதியவர்கள் சறுக்கும் இடங்கள்

அயர்லாந்தின் பழந்தெய்வம் பிரிஜிட். கவிதை, வைத்தியம், கொல்லுத் தொழில் மூன்றும் அவளுடையவை. இதே பெயரில் கில்டேர் ஊரில் மடம் நிறுவிய கிறித்துவப் புனிதை ஒருவரும் உண்டு. பிப்ரவரி 1 அன்று பேகன்கள், அதாவது கிறித்துவத்துக்கு முந்தைய தெய்வங்களை இன்று வழிபடுகிறவர்கள், தேவிக்கு இம்போல்க் என்ற வசந்த வரவேற்பு விழாவைக் கொண்டாடுகிறார்கள். கத்தோலிக்கர்களுக்கு அது புனிதையின் திருநாள். தேவிதான் புனிதையாக மாறினாளா, இருவரும் வேறு வேறா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள். தேவியைத் தேடிப் புதிதாக வருகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த எல்லைக்கோட்டில்தான்.

ஆனால் அதற்கு முன் பாலியெஸ்டர் ரிப்பனைப் பற்றிப் பேசியாக வேண்டும். பிரிஜிட் பெயரில் உள்ள சுனைகளின் ஓரத்து மரங்களில் துணி கட்டுவது பழைய வழக்கம். கிழிசல் துணியைச் சுனைநீரில் நனைத்து, நோவுள்ள இடத்தில் ஒற்றிவிட்டுக் கிளையில் கட்டுவார்கள். துணி மக்க மக்க நோவும் கரையும் என்பது நம்பிக்கை. நைலானும் பாலியெஸ்டரும் எளிதில் மக்காது. அந்த வழக்கத்தின் கணக்குப்படியே பார்த்தால், நோவை மரத்தோடு சேர்த்து நிரந்தரமாக இறுக்கிக் கட்டிவிட்டு வருகிறீர்கள். மரத்துக்கும் கேடு: கிளை பருக்கும்போது நாடா பட்டைக்குள் இறங்கிவிடும், அதற்கு மேலே உள்ள பகுதி காயத் தொடங்கும். கட்டத்தான் வேண்டுமென்றால் சாயம் ஏறாத பருத்தித் துணி, விரல் நீளம், தளர்வான முடிச்சு. மரம் ஏற்கெனவே நிறைந்திருந்தால் கையை மட்டும் நீரில் நனைத்துவிட்டுத் திரும்புங்கள், ஒரு குறையும் வராது. நாணயங்களை நீரில் போடுவது, அலுமினியக் குப்பி விளக்குகளை ஏற்றி அப்படியே விட்டு வருவது, இரண்டும் குப்பை போடும் வேலைதான். சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று அடுத்தவர் கட்டிய துணியை அவிழ்க்கவும் வேண்டாம். அவிழ்ப்பவருக்கே அந்த நோய் வரும் என்று ஊர்க்காரர்கள் சொல்வார்கள்.

அயர்லாந்தின் கிளேர் மாவட்டத்தில் லிஸ்கானர் அருகே உள்ள சுனைக்குப் போனால், நீருக்குச் செல்லும் நடைவழிச் சுவரெல்லாம் ஜெபமாலைகள், மாதா சொரூபங்கள், இறந்துபோனவர்களின் புகைப்படங்கள். “திருச்சபை எங்கள் தேவியிடமிருந்து பறித்த இடம்” என்ற நினைப்போடு அங்கே நுழைவது சரித்திரப் பிழையோ இல்லையோ, நிச்சயம் மரியாதைப் பிழை. தாயை இழந்த ஒருவர் மாட்டிவைத்த படத்தை ஒதுக்கிவிட்டு உங்கள் படையலை வைக்க எந்தத் தேவியும் கேட்கமாட்டாள். கில்டேர் மடத்தில் ஒருகாலத்தில் பிரிஜிட் பெயரால் காக்கப்பட்ட அணையா நெருப்பை 1993இல் மீண்டும் ஏற்றியவர்கள் கத்தோலிக்கக் கன்னியர்தான், பிரிஜிடைன் சபையினர். அவர்களுடைய மையத்தில் பேகன்களும் வரவேற்கப்படுகிறார்கள்.

அந்த நெருப்பைப் பற்றி ஒரு பழைய குறிப்பு இருக்கிறது. 1180களில் அயர்லாந்துக்கு வந்த வேல்ஸ் பாதிரியார் ஜெரால்டு எழுதியது: 19 கன்னியர் முறைவைத்து ஆளுக்கொரு இரவு நெருப்பைக் காப்பார்கள், 20ஆம் இரவை பிரிஜிட்டிடமே ஒப்படைத்துவிடுவார்கள். சுற்றிலும் வேலி, ஆண்கள் தாண்டக்கூடாது. நெருப்பை வாயால் ஊதக்கூடாது, துருத்தியாலோ முறம் போன்ற கருவியாலோதான். இன்று உலகெங்கும் பக்தர்கள் இதே 20 நாள் சுழற்சியில் வீட்டில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறார்கள். அழகான வழக்கம். ஆனால் ஜெரால்டு எழுதியது கிறித்துவ மடத்தைப் பற்றி. அதற்கு முன் அங்கே பேகன் பூசாரிணிகள் நெருப்பு காத்தார்கள் என்பது ஊகம். அதை உறுதிப்பட்ட வரலாறாகச் சொல்லாதீர்கள். 1993இல் தொடங்கிய வழக்கம் என்று சொல்வதில் என்ன வெட்கம்? இன்னொன்று, முறை வந்துவிட்டதே என்று திரைச்சீலைக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தியை எரியவிட்டுத் தூங்கிவிடுவது. தூங்கும் முன் அணையுங்கள், விழித்ததும் ஏற்றுங்கள். மனசு கேட்கவில்லையென்றால் பேட்டரி விளக்கு போதும்.

பிரிஜிட் தேவியை “கன்னி, தாய், கிழவி” என்று மூன்று பருவங்களாகப் பிரிப்பது இன்னொரு பரவலான தவறு. அந்த வாய்ப்பாடு பரவியது கவிஞர் ராபர்ட் கிரேவ்ஸ் 1948இல் எழுதிய நூலுக்குப் பிறகு. 900ஆம் ஆண்டுவாக்கில் தொகுக்கப்பட்ட கோர்மாக்கின் ஐரிஷ் சொல்விளக்க ஏடு வேறு மாதிரி சொல்கிறது: டாக்தா என்ற ஐரிஷ் தெய்வத்தின் மகள், புலவர்கள் வணங்கும் பிரிஜிட்; அதே பெயரில் இரண்டு சகோதரிகள், ஒருத்தி வைத்தியத்துக்கு, ஒருத்தி கொல்லுத் தொழிலுக்கு. வயது அங்கே பேச்சே இல்லை, தொழில்தான்.

அவளை வெறும் அடுப்பங்கரைச் சாந்தசொரூபியாக வைத்துக்கொள்வதும் எனக்கு உடன்பாடில்லை. இடைக்கால ஐரிஷ் போர்க்கதை ஒன்றில் அவள் மகன் ருவதான், எதிரிப் படைக்காக உளவு பார்க்க வந்து, கொல்லன் கோய்ப்னியுவை ஈட்டியால் குத்துகிறான். கொல்லன் அதே ஈட்டியைப் பிடுங்கி எறிந்து அவனைக் கொல்கிறான். மகனைப் பார்த்து அவள் அலறி அழுததுதான் அயர்லாந்தில் எழுந்த முதல் ஒப்பாரி என்கிறது கதை. துக்கத்தில் இருப்பவர்கள் பலர் இவளைத் தேடி வருவதற்கு இந்தக் கதையும் ஒரு காரணமாக இருக்கலாம். “நேர்மறையாக நினையுங்கள்” என்று அவர்களிடம் அவள் பெயரால் சொல்லி அனுப்பாதீர்கள்.

மற்றவை சின்ன விஷயங்கள். ஜனவரி 31 இரவு பிரிஜிட் பெயரில் கோரையில் முடையும் சிலுவையைப் பேகன் காலத்துச் சூரியச் சக்கரம் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது. காய்ந்த கோரை மடிக்கும்போதே முறியும், பச்சையாகவே முடையுங்கள். மரபுப்படி கோரையை அறுக்காமல் கையால் பிடுங்குவார்கள். ஆஸ்திரேலியாவில் இருப்பவர்கள் கொளுத்தும் பிப்ரவரியில் வசந்தத்தை வரவேற்க வேண்டியதில்லை. அங்கே பலர் இம்போல்க்கை ஆகஸ்ட் தொடக்கத்துக்கு மாற்றிக்கொண்டுவிட்டார்கள்.