பெற்றோருக்கு அட்டெண்டன்ஸ் அலவன்ஸ் பெறுவது எப்படி? (இங்கிலாந்து, வேல்ஸ்)

பக்கவாதத்துக்குப் பின் இடது கை சரிவர இயங்காத என் அம்மாவுக்காக இந்தக் கொடுப்பனவை இருமுறை முயன்று பெற்றேன். முதல் முறை நிராகரிக்கப்பட்டதற்கு நாங்கள் படிவத்தை நிரப்பிய விதமே காரணம் என்பதால், அந்தப் பகுதியைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

அரச ஓய்வூதிய வயதை எட்டியவர்களுள், உடல் அல்லது மன நோயினால் அன்றாடப் பராமரிப்புக்குப் பிறர் துணை தேவைப்படுவோருக்கே இது வழங்கப்படுகிறது. வருமானமும் சேமிப்பும் பார்க்கப்படுவதில்லை, வரியும் இல்லை. இந்த நாட்டில் ஒருநாளும் வேலை செய்யாத அம்மாமார்களும் பெறலாம் என்பதை நம்மவர் பலர் அறியாமலிருப்பது எனக்குப் பெரும் வருத்தம். 2025 ஏப்ரலில் தொடங்கிய நிதியாண்டுக்கான தொகை, பகலிலோ இரவிலோ மட்டும் துணை தேவைப்படுவோருக்கு வாரம் 73.90 பவுண்ஸ், இரு வேளையும் தேவைப்படுவோருக்கு 110.40 பவுண்ஸ். அந்தத் தேவை ஆறு மாதங்களாக இருந்திருக்க வேண்டும். வாழ்நாளின் இறுதிக் கட்டத்தில் இருப்போருக்கு இந்தக் காத்திருப்பு இல்லை.

முதலில் 0800 731 0122 என்ற இலவச எண்ணை அழைத்துப் படிவத்தைத் தபாலில் கேளுங்கள். இணையத்திலிருந்தும் தரவிறக்கலாம், ஆயினும் அழைத்துக் கேட்பதையே நான் பரிந்துரைப்பேன். ஆறு வாரங்களுக்குள் நிரப்பி அனுப்பினால், அழைத்த நாளிலிருந்தே பணம் கணக்கிடப்படும். தரவிறக்கிய படிவமோ அவர்கள் கையில் கிடைத்த நாளிலிருந்துதான் கணக்காகும்; அதற்கு முந்திய காலத்துக்கு எதுவும் கிடைக்காது.

அடுத்து, பேனாவைப் படிவத்தில் வைப்பதற்கு முன் ஒரு கொப்பியில் ஏழு நாட்கள் குறிப்பெடுங்கள். இதற்குக் கைப்பேசிச் செயலிகளைவிடக் கட்டில் அருகே கிடக்கும் கொப்பியே உதவும், ஏனெனில் இரவு இரண்டு மணிக்கு எழும்பும் எவரும் அதில் எழுதலாம். எத்தனை மணிக்கு, என்ன உதவி, எவ்வளவு நேரம் என்ற மூன்றும் இருந்தால் போதும். இரவு நேரம் மிக முக்கியம்: ஏறத்தாழ இருபது நிமிடங்கள் நீடிக்கும் உதவி ஒருமுறை, அல்லது குறுகிய உதவி இரண்டு முறை என்ற அளவிலேயே இரவுத் தேவை மதிப்பிடப்படுகிறது.

இனி எங்களைத் தடுக்கிய இடம். உடை மாற்றுவது, குளிப்பது, மலசலகூடம் செல்வது, மருந்து எடுப்பது பற்றிய கேள்விகளுக்கு அம்மா சொன்ன பதில், "நான் சமாளிப்பன், பிள்ளை." நானும் அப்படியே எழுதினேன். அம்மா சமாளித்தது நான் சட்டையைப் பிடித்துக் கொடுத்ததால். அதை உதவி என்று நாங்கள் இருவருமே எண்ணவில்லை, ஏனெனில் நம் வீடுகளில் அது பிள்ளையின் கடமை. படிவம் கேட்பதோ எவ்வளவு உதவி நியாயமாகத் தேவை என்பதையே. யார் செய்கிறார், பணம் கொடுக்கிறீர்களா என்பதையல்ல. உதவி கிடைக்காமல் போகும் தேவையும் கணக்கில் சேரும். ஆகவே "குளிக்கச் சிரமம்" என்று எழுதாமல், "குளியல் தொட்டிக்குள் கால் தூக்கி வைக்க இயலாது, தலையைக் கழுவ ஒருவர் வேண்டும், முப்பது நிமிடங்கள் எடுக்கும், இருமுறை விழுந்திருக்கிறார்" என்று எழுதுங்கள். நல்ல நாளை மட்டும் வைத்து எழுதாதீர்கள். மோசமான நாட்கள் வாரத்தில் எத்தனை என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்லுங்கள். மறதி நோய் உள்ளவர் அடுப்பை மூட்டிவிட்டு மறந்துபோகாமல் அருகிலிருந்து பார்த்துக்கொள்வதும் இங்கு உதவியே.

மருந்துப் பட்டியலையும் மருத்துவமனைக் கடிதங்களின் பிரதிகளையும் இணைத்து, முழுப் படிவத்தையும் நகலெடுத்த பின்னரே அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தயங்குவோருக்கு ஏஜ் யூகே, சிட்டிசன்ஸ் அட்வைஸ் ஆகிய தொண்டு அமைப்புகள் இலவசமாக உதவுகின்றன. நிராகரிப்புக் கடிதம் வந்தால், அதிலுள்ள தேதியிலிருந்து ஒரு மாதத்துக்குள் மறுபரிசீலனை கேட்க வேண்டும். நாங்கள் கொப்பியின் பக்கங்களை நகலெடுத்து அனுப்பினோம். கூடிய தொகையே கிடைத்தது.

பிற்சேர்க்கை: பின்னூட்டங்களில் எழுந்த மூன்று சிக்கல்களை இங்கே சேர்க்கிறேன். விசாவில் அரச பொதுநிதியை நாடக்கூடாது என்ற நிபந்தனை உள்ளவர்கள், அங்கீகாரம் பெற்ற குடிவரவு ஆலோசகரைக் கேட்காமல் விண்ணப்பிக்க வேண்டாம். அது விசாவையே பாதிக்கக்கூடும். பெற்றோருக்கு இந்தக் கொடுப்பனவு கிடைத்தபின், வாரம் 35 மணி நேரம் பராமரிப்பவர் கேரர்ஸ் அலவன்ஸ் என்ற பராமரிப்பாளர் கொடுப்பனவைக் கோரலாம். ஆனால் தனியே வாழும் பெற்றோர் பென்ஷன் கிரெடிட்டில் (வருமானம் குறைந்த முதியோருக்கான அரச உதவித்தொகை) கடும் இயலாமைக்கான மேலதிகத் தொகை பெறுகிறார் எனில், உங்கள் கேரர்ஸ் அலவன்ஸ் அதை நிறுத்திவிடக்கூடும் என்பதால் முதலில் கணக்குப் பாருங்கள். அப்பாவை நான்கு மாதம் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார்: தற்காலிகப் பயணமாயின் முதல் 13 வாரங்களுக்குத் தொகை தொடரும், அதன்பின் நின்றுவிடும், ஆகவே புறப்படுவதற்கு முன்னரே மேற்சொன்ன எண்ணுக்கு அழைத்துப் பயணத் தேதிகளைத் தெரிவித்துவிடுங்கள்.