கோடியக்கரையில் உள்ளான் பறவைகளைப் பார்க்கப் போகிறீர்களா? முதலில் தண்ணீரைப் பாருங்கள்

கோடியக்கரைக்குப் போகிறவர்களில் பலர் பூநாரையைப் பார்த்ததோடு திரும்பிவிடுவார்கள். உள்ளான், உப்புக்கொத்தி, பவளக்காலி போன்ற கரைப்பறவைகள் வேண்டுமென்றால் ஆழம் குறைந்த தண்ணீரைத் தேடுங்கள். கொசு உள்ளானுக்கு விரல் நனைந்தால் போதும். பவளக்காலி இன்னும் கொஞ்சம் உள்ளே இறங்கும். அதற்கும் மேல் ஆழமென்றால் நெடுங்கால் உள்ளானும் பூநாரையும்தான்.

பாக் நீரிணையில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டர்கூட இருக்காது. ஏற்றவற்ற அட்டவணையை நம்பிக் கிளம்பிப் பயனில்லை. வேதாரண்யம் சதுப்பின் நீர்மட்டத்தைத் தீர்மானிப்பவை வடகிழக்குப் பருவமழையும் காற்றும். நவம்பரில் பெருமழை பெய்த வாரம் போனால் எங்கும் வெள்ளம்தான், சிறு பறவை நிற்க இடமிருக்காது. மழை ஓய்ந்து, ஓரத்தில் சேறு தலைகாட்டும் ஜனவரி, பிப்ரவரிதான் எங்கள் தேர்வு.

வேதாரண்யத்தில் தங்கி, சதுப்புக்குள் போக வனத்துறை அனுமதியை முந்தின நாளே வாங்கிவிடுங்கள். உப்பளப் பாதைக்கு உப்பளக்காரர்களிடம் தனியாகக் கேட்க வேண்டும். காலை 6 மணிக்கு இடத்தில் இருங்கள்; வெயில் முதுகில் விழும்படி நில்லுங்கள். 9 மணிக்கு மேல் கானல் எழும்பினால் 60 மடங்கு பெரிதாக்கும் ஸ்கோப்பிலும் (தொலைநோக்கி) பறவை நெளியும். 25, 30 மடங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது. காற்று பலமாக இருக்கும், ட்ரைபாடைத் தாழ்த்தி வையுங்கள்.

காருக்குள்ளிருந்தே பாருங்கள், ஆள் இறங்கினால்தான் கூட்டம் எழும்பும். மேய்வதை நிறுத்திப் பறவைகள் தலை தூக்கினால் நீங்கள் நெருங்கியது அதிகம், பின்வாங்குங்கள். வெள்ளை உப்புப் பொருக்கு காய்ந்த தரைபோலத் தெரியும். அடியில் கறுப்புச் சேறு, செருப்பை விழுங்கிவிடும்.

குளிர்காலத்தில் எல்லாம் சாம்பல் நிறம், அதனால் நடத்தையைப் பாருங்கள். சிட்டுக்குருவி அளவில், கறுப்புக் காலோடு, தையல் மிஷின் மாதிரி விடாமல் கொத்தினால் கொசு உள்ளான். ஓடி, சட்டென்று நின்று, ஒரே கொத்தென்றால் உப்புக்கொத்தி; அது கண்ணால் இரை தேடுவது. மூக்கு நுனி கீழே வளைந்து, பறக்கும்போது வாலுக்கு மேல் வெள்ளை தெரிந்தால் வளைமூக்கு உள்ளான். ஏப்ரலில் கிளம்புவதற்குள் அதன் வயிறு செங்கல் நிறமாகிவிடும், குழப்பமே இருக்காது.

காலில் வளையமோ வண்ணக் கொடியோ கண்டால் எந்தக் கால், மூட்டுக்கு மேலா கீழா, நிறம், எழுத்து என எல்லாவற்றையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ‘ஏதோ மஞ்சள் கொடி’ என்று, பறவைகளுக்கு வளையமிட்டு ஆராயும் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு எழுதினால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது.