மெஷின் வரைபடத்தில் முதலில் மூலையைப் பாருங்கள்

மட்டக்களப்பு, கல்முனைப் பக்கம் லேத் பட்டறைகளில் வேலை பழகும் தம்பிமாருக்கு இது. நெல் விளையும் ஊர்கள் நம்முடையவை. அரிசி ஆலை ஷாப்ட் ஒன்றாவது உங்கள் கைக்கு வரத்தான் செய்யும்.

ஷாப்டின் பருமன் மாறும் மூலையில் ‘ஆர் 1’ என்றிருந்தால் அது பில்லட். அந்த மூலையை 1 மி.மீ. ஆரத்தில் வளைவாக விட வேண்டும். கூராக வெட்டினால் வெடிப்பு அங்கேதான் தொடங்கும். சரி, பலமாக இருக்கட்டும் என்று பெரிதாக விட்டாலும் பிழை: பேரிங் வளைவில் ஏறி நின்றுவிடும், தோளில், அதாவது பருமன் மாறும் படியில், ஒட்டி உட்காராது. ‘1 × 45°’ என்பது சாம்பர், வெளி விளிம்பைச் சரிவாகச் சீவுவது.

கீவேயில்தான், அதாவது ஷாப்டையும் அதில் மாட்டும் சக்கரத்தையும் பிணைக்கும் ‘கீ’ என்ற கட்டை உட்காரும் காடியில்தான், புதியவர்கள் தடுமாறுகிறார்கள். 30 மி.மீ. ஷாப்டுக்கு வழமையான கீ 8 மி.மீ. அகலம், 7 மி.மீ. உயரம்; ஷாப்டில் வெட்டும் ஆழம் 4 மி.மீ. ஆனால் பல படங்களில் 4 இருக்காது, 26 இருக்கும். காடி வெட்டியதும் மேல்வளைவு போய்விடுகிறதே, ஆழத்தை எதிலிருந்து அளப்பது? அதனால் காடியின் அடியிலிருந்து எதிர்ப்பக்கம் வரை அளவு தருகிறார்கள். வேர்னியரின் ஒரு தாடையைக் காடிக்குள் இறக்கிப் பிடித்தால் நேரே வாசிக்கலாம்.

அப்புறம் துளைகள். அடி தட்டையான அகல வாய் கவுண்டர்போர், அலன்கீ போல்ட்டின் தலை மறைவதற்கு. கூம்பு வாய் கவுண்டர்சிங், மெட்ரிக் திருகாணிக்கு 90 பாகை. மூடியில்லாத பெட்டி போன்ற குறி முன்னதற்கு, ‘வீ’ வடிவக் குறி பின்னதற்கு.