வீட்டு கராஜில் இரண்டு தூண் கார் லிஃப்ட்: தூணுக்கு இடம் குறிப்பது எப்படி?

காரின் இரு பக்கமும் நிற்கும் தூண்களிலிருந்து நீளும் நான்கு கைகளால் காரைத் தூக்குவதுதான் இந்த லிஃப்ட். அது வந்து இறங்கியதும் டிரில்லைக் கையில் எடுக்காதீர்கள். தூண் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தரையும் கூரையும் காரும் சேர்ந்துதான் முடிவு செய்யும். அமெரிக்காவில் 24க்கு 24 அடியில் இரண்டு கார் கராஜ் வைத்திருப்பவரை மனதில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் தரை. தலைக்கு மேலே கார் நிற்கும்போது தூண் சாயாமல் பிடித்திருப்பது கான்கிரீட்டுக்குள் இறங்கிய ஆங்கர் போல்ட்டுகள்தான். பல லிஃப்ட் மாடல்கள் கான்கிரீட்டுக்குக் குறைந்தது 4 அங்குலக் கனமும் 3000 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) தாங்கும் வலுவும் கேட்கும், புதிதாகப் போட்ட தரை என்றால் 28 நாள் பொறுக்க வேண்டும். டெக்சாஸில் இருப்பவர்கள் இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள். டல்லாஸ், ஹூஸ்டன் பக்கம் களிமண் நனைந்தால் ஊதும், காய்ந்தால் சுருங்கும், அதனால் பல வீடுகளின் தரைக்குள் இழுத்து இறுக்கிய எஃகுக் கேபிள்கள் ஓடுகின்றன. அதில் டிரில் பட்டால் உயிருக்கே ஆபத்து, தளமும் பலம் இழக்கும். கராஜ் தரையில் ‘போஸ்ட் டென்ஷன்’ என்று முத்திரை பதித்திருக்கிறதா என்று தேடுங்கள். முத்திரை இல்லை என்பதற்காகக் கேபிளும் இல்லை என்று நினைத்துவிட வேண்டாம், ரேடார் வைத்துத் தரையைப் பார்ப்பவர்களை அழைத்துக் காட்டிவிடுங்கள். இது முடிந்த பிறகுதான், தூண் வரப்போகும் இடத்துக்குப் பக்கத்தில் சின்னத் துளை போட்டு கனத்தை அளக்க வேண்டும். சுவர் ஓரத்தில் அளக்காதீர்கள், அங்கே தளம் பெரும்பாலும் தடிமனாக இருக்கும்.

அடுத்து உயரம். டொயோட்டா கேம்ரி மாதிரி கார் ஏறக்குறைய 4 அடி 9 அங்குலம். அடியில் நிமிர்ந்து நிற்க 6 அடி தூக்கினால் 10 அடி 9 அங்குலம் ஆகிவிடும், 12 அடிக் கூரை இருந்தால் கவலையே இல்லை. 10 அடிக் கூரை என்றால் 5 அடி வரைதான் தூக்கலாம், அப்போது உருளும் ஸ்டூலில் உட்கார்ந்து வேலை பார்க்க வேண்டியதுதான். கராஜ் கதவு திறந்தால் கூரைக்குக் கீழே படுக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். கதவு ஓடும் தண்டவாளத்தை உயர்த்திப் போடலாம், இல்லையென்றால் கதவை மூடிவிட்டுத்தான் காரைத் தூக்க வேண்டும்.

சரி, இப்போது காரை உள்ளே கொண்டுவாருங்கள், உங்களிடம் இருப்பதிலேயே நீளமானதை. முன்சுவருக்கும் பம்பருக்கும் நடுவே 3 அடியாவது விடுங்கள், நடக்கவும் வேண்டும், டூல் பெட்டியும் நிற்க வேண்டும். நான்கு கதவு ஃபோர்டு எஃப்-150 பிக்கப் ஏறக்குறைய 19 அடி, அதற்கு முன்னும் பின்னும் சேர்த்தே 5 அடிதான் மிச்சம். தூண்கள் சற்றுத் திரும்பி நிற்கிற அசிமெட்ரிக் லிஃப்ட் என்றால் முன்கதவின் கீல் பக்கம் தூண் வரும், அதனால் கதவு தாராளமாகத் திறக்கும். வீட்டுக்கு என் ஓட்டு இதற்குத்தான். கீலுக்கு நேர் கீழே தூக்குக்குண்டு விட்டு இரண்டு பக்கமும் சாக்பீஸால் குறியுங்கள். அப்புறம் மேனுவலில் லிஃப்ட் கைகளின் மிகக் குறைந்த, மிக அதிக நீளத்தைப் பார்த்து, கை தூணில் மாட்டும் இடத்திலிருந்து டேப் பிடித்து, காரின் அடியில் தூக்குவதற்கென உள்ள நான்கு ஜாக் இடங்களையும் எட்டுகிறதா என்று பாருங்கள். எட்டவில்லை என்றால் குறியை நகர்த்துங்கள்.

பக்கவாட்டில் லிஃப்டின் வெளி அகலம் பொதுவாக 11 முதல் 12 அடி. சுவருக்கும் தூணுக்கும் நடுவே ஆள் நுழைய 2 அடி விட்டால், அடுத்த காருக்கு 10 அடி கிடைக்கும். 20 அடி அகல கராஜில் இந்தக் கணக்கு தேறாது.

கடைசியாக மூலைமட்டம். காரின் நடுக்கோட்டை நூல் பிடித்து இழுத்து, அதற்குக் குறுக்கே தூண் கோட்டை 6, 8, 10 அடி முக்கோணத்தால் சரிபாருங்கள். தூண்களின் அடித்தட்டுகள் நடுக்கோட்டிலிருந்து சம தூரத்தில் இருக்க வேண்டும், மூலைவிட்டம் இரண்டும் ஒன்றாக வர வேண்டும். தட்டு விரிசல் மேலோ இணைப்புக் கோட்டின் மேலோ உட்காரக் கூடாது, எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். குறித்த பிறகு காரை வெளியே எடுத்து, மறுபடி ஓட்டி வந்து, எல்லாக் கதவையும் திறந்து பாருங்கள். திருப்தியாக இருந்தால் மோட்டார் தாங்கும் தூணை முதலில் நிறுத்தி, ரசமட்டம் வைத்து, எஃகுத் தகடு கொடுத்து நேராக்கி, அதன் பிறகு துளை போடுங்கள்.