பழைய செஸ்னா 172-ஐக் கிளப்பும் முன்: சுற்றிப் பார்க்கும் முறை, புதியவர்களுக்கு

விமானி உரிமம் கைக்கு வந்ததும் அமெரிக்காவில் பலர் செய்வது, நான்கு சீட் உள்ள சிறு விமானமான ஒரு பழைய செஸ்னா 172-இல் பங்கு வாங்குவது, இல்லையென்றால் ஃப்ளையிங் கிளப்பில் சேர்ந்து அதே விமானத்தை வாடகைக்கு எடுப்பது. இனி பக்கத்தில் பயிற்சியாளர் இருக்க மாட்டார், பார்க்க வேண்டியதை எல்லாம் நீங்கள்தான் பார்க்க வேண்டும். இங்கே சொல்வதெல்லாம் 1977 முதல் 1980 வரை வந்த 172என் மாடலுக்கு: 160 குதிரைசக்தி லைகோமிங் இன்ஜின், கார்புரேட்டர், சாதாரண டேங்க். உங்களுடையது வேறு வருடத்து விமானம் என்றால் எண்கள் மாறும், அதனுடைய கையேட்டில் இருப்பதுதான் சரி.

முழுதாகச் சுற்றிப் பார்க்க இருபது நிமிடம் வையுங்கள். அதில் பாதி எரிபொருளுக்கே போனாலும் பரவாயில்லை, ஏன் என்று கீழே வருகிறது.

1. காக்பிட்டிலிருந்து தொடங்குங்கள்

கதவைத் திறந்ததும் யோக்கில் (விமானத்தைத் திருப்பும், ஏற்றி இறக்கும் கைப்பிடி) செருகியிருக்கும் கண்ட்ரோல் லாக்கை, அதாவது அதை அசையாமல் பூட்டி வைக்கும் ஊசியைக் கழற்றிவிடுங்கள். அதை மறந்து ரன்வேயில் ஓடி உயிரை விட்டவர்கள் உண்டு, அதனால் கழற்றியதும் கண்ணில் படாத இடத்தில் போடாமல் எப்போதும் ஒரே பையில் வையுங்கள். மேக்னெட்டோ (ஸ்பார்க் பிளக்குக்குப் பொறி தரும் கருவி) சாவி ஆஃபில் இருக்கிறதா, விமானத்தின் பறக்கும் தகுதிச் சான்றிதழ், பதிவுச் சான்றிதழ், கையேடு, எடைக் கணக்குத் தாள் எல்லாம் உள்ளே இருக்கின்றனவா பாருங்கள். மின்சாரத்துக்கான மாஸ்டர் சுவிட்சைப் போட்டு ஃப்ளாப்பை (இறக்கையின் பின்விளிம்பில் கீழே மடங்கும் பலகை) முழுக்க இறக்குங்கள், எரிபொருள் காட்டிகளையும் ஒரு பார்வை பாருங்கள், மாஸ்டரை அணைத்துவிடுங்கள்.

அப்புறம் சீட். செஸ்னாவில் இது தனி விஷயம். சீட் ஓடும் தண்டவாளத்தின் துளைகள் காலப்போக்கில் தேய்ந்து, பூட்டும் ஊசி சரியாகப் பிடிக்காமல் போகும். விமானம் வேகமெடுத்து மூக்கு தூக்கும் நேரத்தில் சீட் சட்டென்று பின்னால் வழுக்கினால், கையில் பிடித்திருக்கும் யோக்கும் கூடவே வரும், விமானம் செங்குத்தாக ஏறி ஸ்டால் ஆகிவிடும், அதாவது இறக்கை தூக்கும் சக்தியை இழந்துவிடும். இப்படி விபத்துகள் நடந்ததால்தான் இந்தத் தண்டவாளத்தை முறையாகச் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்க விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்ஏஏ 1987-இல் உத்தரவே போட்டது. நீங்கள் செய்ய வேண்டியது: உட்கார்ந்து, பூட்டிய பிறகு, முன்னும் பின்னும் உடம்பால் நன்றாக ஒரு உலுக்கு உலுக்கிப் பார்ப்பது. பக்கத்து சீட்டுக்கும் அதே.

2. வால், வலது இறக்கையின் பின்பக்கம்

இடது கதவிலிருந்து வாலை நோக்கி நடந்து, அப்படியே எதிர்ப்பக்கமாகச் சுற்றி வர வேண்டும், கையேட்டின் வரிசையும் அதுதான். எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசைவது), ரட்டர் (வாலில் இடமும் வலமும் அசைவது), ஏலரான் (இறக்கை நுனியில் அசைவது) எல்லாவற்றையும் கையால் மெதுவாக அசையுங்கள், கீல்களில் உள்ள போல்ட்டுகளையும் அவற்றின் பூட்டுக் கம்பிகளையும் தொட்டுப் பாருங்கள். ரிவெட்டைச் சுற்றிக் கறுப்பாகப் புகை படிந்த மாதிரி இருந்தால் அது தளர்ந்து உரசுகிறது என்று அர்த்தம், மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். வாலில் கட்டிய கயிற்றை அவிழ்க்க மறக்காதீர்கள்.

3. எரிபொருள்: இங்கே அவசரமே வேண்டாம்

சிறு விமானங்களில் இன்ஜின் நடுவானில் நின்றுபோகும் காரணங்களில் மிகச் சாதாரணமானது எரிபொருள் தீர்ந்துபோவது. இன்ஜினில் ஒரு குறையும் இருக்காது, டேங்க் காலி, அவ்வளவுதான். காக்பிட்டில் இருக்கும் காட்டியை நம்பிப் போகாதீர்கள். ஏணி போட்டு இறக்கை மேல் உள்ள மூடியைத் திறந்து, அந்த விமானத்துக்கென்றே அளவு குறித்த குச்சியை விட்டுப் பாருங்கள். இரண்டு டேங்கிலும் சேர்த்து 43 கேலன் பிடிக்கும், அதில் பறக்கப் பயன்படுவது 40 கேலன், நம் கணக்கில் சுமார் 150 லிட்டர். பகலில் கண்பார்வையை நம்பிப் பறக்கும்போது போய்ச் சேரும் இடத்துக்கு மேல் 30 நிமிடத்துக்கும், இரவில் 45 நிமிடத்துக்கும் எரிபொருள் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டம். நான் எப்போதும் ஒரு மணி நேரம் என்று வைத்துக்கொள்கிறேன், உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அடுத்தது தண்ணீர். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தால் மழைநீர் உள்ளே இறங்கும், பாதி காலியான டேங்கில் ராத்திரிக் குளிரில் ஈரமும் கோக்கும். தண்ணீர் பெட்ரோலைவிடக் கனம் என்பதால் அடியில் போய் உட்காரும். இரண்டு இறக்கைக்கும் அடியில் ஒவ்வொரு வடிகால் இருக்கிறது, கண்ணாடிக் குவளையை அழுத்தி ஒவ்வொன்றிலும் கொஞ்சம் பிடியுங்கள். இன்ஜின் பக்கம் வடிகட்டிக்கு ஒரு குமிழ், ஆயில் மூடிக்குள்ளேயே இருக்கும், அதை இழுத்து நான்கு வினாடி பிடித்தால் கீழே வடியும், குவளையைப் பிடிக்க இன்னொருவர் இருந்தால் வசதி. இந்த விமானத்துக்கான 100எல்எல் என்ற விமான பெட்ரோல் வெளிர்நீலமாக இருக்கும். குவளையின் அடியில் நிறமில்லாத குமிழி உருண்டால் அது தண்ணீர், சுத்தமாக வரும்வரை திரும்பத் திரும்ப எடுங்கள், நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் அன்றைக்குப் பறக்க வேண்டாம். குவளை முழுக்க ஒரே மாதிரி நிறமே இல்லாமல் இருந்தாலும் நிறுத்துங்கள், முழுக்கத் தண்ணீராகவோ ஜெட் எரிபொருளாகவோ இருக்கலாம். குவளையை வெள்ளைப் பின்னணியில் தூக்கிப் பிடித்து, மோந்தும் பாருங்கள்.

இடது இறக்கைக்கு அடியில், தாங்குகம்பிக்குப் பக்கத்தில், டேங்குக்குக் காற்று போகும் சின்னக் குழாய் இருக்கிறது. குளவிகள் மண் வைத்து அடைத்துவிடும். அது அடைபட்டால் டேங்கில் எரிபொருள் இருந்தும் இன்ஜினுக்கு வந்து சேராமல் போகலாம்.

4. மூக்கு

டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் பாருங்கள். 4 குவார்ட்டுக்குக் கீழே இருந்தால் கிளப்பவே கூடாது, மூன்று மணி நேரத்துக்குள் முடியும் பயணத்துக்கு 5 போதும், 6-க்கு மேல் ஊற்றாதீர்கள். இந்த இன்ஜினில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் தேய்கிற குறை இருந்ததால், லைகோமிங்கின் எல்டபிள்யூ-16702 என்ற கலவை ஆயிலில் இருக்க வேண்டும் என்று கட்டாயமாக்கினார்கள். ஏரோஷெல் 15டபிள்யூ-50 போன்றவற்றில் அது கலந்தே வருகிறது, சாதாரண ஆயில் என்றால் தனியாகச் சேர்க்க வேண்டும்.

ப்ரொபெல்லரின் முன்விளிம்பில் விரலை ஓட்டுங்கள். கல் பட்டு விழுந்த சின்ன வெட்டிலிருந்துதான் விரிசல் தொடங்கும், நகம் மாட்டுகிற அளவு இருந்தால் மெக்கானிக் அரம் போட்டுச் சரிசெய்ய வேண்டும். ஆனால் ப்ரொபெல்லரைச் சுழற்றாதீர்கள், அது சுற்றும் வட்டத்துக்குள் நிற்கவும் செய்யாதீர்கள். சாவி ஆஃபில் இருந்தாலும் மேக்னெட்டோவின் தரைக்கம்பி (ஆஃப் செய்யும்போது பொறியை நிறுத்தும் கம்பி) அறுந்திருந்தால் பொறி வரும், லேசாக நகர்த்தினாலே இன்ஜின் ஒரு சுற்று பிடித்துவிடலாம். இன்ஜினைக் குளிர்விக்கும் காற்று போகும் இரண்டு வாயிலும் டார்ச் அடித்துப் பாருங்கள், வசந்த காலத்தில் பறவைகள் ஒரே நாளில் கூடு கட்டிவிடும். டயர், பிரேக்கில் ஒழுகல், மூக்குச்சக்கரத் தண்டு, பிட்டாட் குழாய் (வேகம் அளக்கக் காற்று போகும் குழாய்), ஸ்டாட்டிக் துளை (வெளிக்காற்றின் அழுத்தத்தை எடுக்கும் துளை), இடது இறக்கை முன்விளிம்பில் ஸ்டால் எச்சரிக்கைத் துளை: இவற்றைப் பார்த்தால் சுற்று முடிந்தது.

5. ஆளும் எடையும்

நான்கு சீட் இருக்கிறது என்பதால் நான்கு பெரியவர்களை ஏற்றிவிட முடியாது. மொத்த எடை 2,300 பவுண்டைத் தாண்டக் கூடாது, டேங்க் நிறைந்தால் எரிபொருளே 240 பவுண்டு. ஒவ்வொருவரின் எடையையும் கூச்சப்படாமல் கேட்டு எழுதுங்கள். வெயில் நாளில் உயரமான ஊரில் இது இன்னும் முக்கியம், காற்று லேசாக இருப்பதால் ரன்வே அதிகம் வேண்டும், ஏற்றமும் குறையும்.

6. கிளப்பிய பிறகு

30 வினாடிக்குள் ஆயில் அழுத்தம் ஏறவில்லை என்றால் அணைத்துவிடுங்கள், கடுங்குளிரில் மட்டும் அதைவிட இரண்டு மடங்கு நேரம் கொடுக்கலாம். ரன்வேக்கு முன்னால் இன்ஜினை நிமிடத்துக்கு 1,700 சுற்றில் வைத்து ஒவ்வொரு மேக்னெட்டோவாகச் சோதியுங்கள். 125 சுற்றுக்கு மேல் குறையக் கூடாது, இரண்டுக்கும் இடையே 50-க்கு மேல் வித்தியாசமும் கூடாது. சுத்தமாகக் குறையவே இல்லை என்றாலும் அது நல்ல செய்தி கிடையாது, முன்னே சொன்ன தரைக்கம்பிதான் சந்தேகம்.

கார்புரேட்டர் ஹீட்டை (கார்புரேட்டருக்குச் சூடான காற்று விடும் குமிழ்) இழுங்கள், சுற்று கொஞ்சம் இறங்க வேண்டும், இறங்காவிட்டால் அது வேலை செய்யவில்லை, திரும்பிப் போங்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு? பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டருக்குள் வெப்பநிலை மளமளவென்று இறங்கும், அதனால் வெளியே 20 டிகிரி இதமாக இருக்கும் ஈரப்பதமான நாளிலும் உள்ளே ஐஸ் கட்டும். பறக்கும்போது த்ராட்டிலை (இன்ஜின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழ்) தொடாமலே சுற்று மெல்ல இறங்கினால் முதல் சந்தேகம் அதுதான். ஹீட்டை முழுக்க இழுங்கள். ஐஸ் உருகித் தண்ணீராக இன்ஜினுக்குள் போகும்போது இன்னும் மோசமாகக் குலுங்கும், புதியவர்கள் பயந்து திரும்பத் தள்ளிவிடுவார்கள். தள்ளாதீர்கள், பொறுங்கள், சுற்று தானாக ஏறும்.

7. இறங்கிய பிறகு

கண்ட்ரோல் லாக், பிட்டாட் உறை, மூன்று கயிறு எல்லாவற்றையும் திரும்பப் போடுங்கள். ஈரம் கோக்காமல் இருக்க டேங்கை அன்றைக்கே நிரப்பலாம், ஆனால் அடுத்த பயணத்தில் ஆள் அதிகம் என்றால் பங்காளிகளைக் கேட்டுவிட்டு நிரப்புங்கள். பறக்காமல் நாள்கணக்கில் நிறுத்தி வைத்தால் இன்ஜின் உள்ளே துருப்பிடிக்கும், தரையில் பத்து நிமிடம் ஓட்டுவதும் உதவாது, ஆயிலில் உள்ள ஈரம் வெளியேறும் அளவு சூடாகாது. ஆயில் மாற்றுவது, டயர் மாற்றுவது, ஸ்பார்க் பிளக் சுத்தம் செய்வது போன்றவற்றை உரிமம் உள்ள சொந்தக்காரரே செய்துகொள்ளச் சட்டம் இடம் தருகிறது. செய்ததும் என்ன வேலை, என்ன தேதி, உரிம எண், கையெழுத்து எல்லாவற்றையும் லாக்புக்கில் எழுதுங்கள், வருடாந்திரச் சோதனைக்கு விமானம் போகும்போது மெக்கானிக் முதலில் கேட்பது அந்தப் புத்தகத்தைத்தான்.