கிறிஸ்துமஸுக்குப் பிறகு ஃபிளின்ட்லாக்கோடு மான் வேட்டை

பென்சில்வேனியாவில் டிசம்பர் நடுவில் ரைஃபிள் சீசன் முடிந்ததும் பலர் துப்பாக்கியைத் துடைத்து உள்ளே வைத்துவிடுவார்கள். எனக்குப் பிடித்த சீசன் அதற்கப்புறம்தான். 1974இல் தொடங்கிய இந்த ஃபிளின்ட்லாக் சீசன், கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஆரம்பித்து ஜனவரிக்குள் போகும். ஃபிளின்ட்லாக் என்றால் குழலின் வாய்வழியே வெடிமருந்தைக் கெட்டித்துச் சுடும் பழைய வகைத் துப்பாக்கி. சிக்கிமுக்கிக் கல்லின் பொறியில்தான் அந்த மருந்து பற்ற வேண்டும். ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) கூடாது, .44 காலிபருக்கு (அங்குலத்தில் குழல் துளையின் விட்டம்) குறையவும் கூடாது. லைசென்ஸோடு மஸில்லோடர் (வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கி) அனுமதியும் வேண்டும். தேதிகளை அந்தந்த வருட விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். (நம் ஊரில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம். இங்கே மான் பெருகிக் கிடப்பதால் அரசே சுடச் சொல்கிறது.)

இந்த வேட்டையில் மானைவிட ஈரம்தான் பெரிய தொல்லை. கருமருந்து ஈரத்தை இழுக்கும். அதனால் துப்பாக்கியைச் சூடான வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள். குளிரில் இருந்த இரும்பு உள்ளே வந்ததும் வியர்த்துவிடும். மருந்து இல்லாத துப்பாக்கியைப் பூட்டிய கராஜிலேயே வைத்துவிடுவேன்.

காலையில் முதல் வேலை, குழலில் பழைய மருந்து இல்லையா என்று கெட்டிக்குச்சியை (மருந்தை அழுத்தும் நீளக் குச்சி) விட்டுப் பார்ப்பது. அப்புறம் ஆல்கஹால் துணியால் எண்ணெயைத் துடைத்துவிடுங்கள். என்னுடையது .50 காலிபர். அதற்கு மூன்று எஃப் கருமருந்து (எஃப் கூடினால் துகள் பொடியாகும்) 70 கிரெயின் எடை, எப்போதும் அளவுக் குப்பியில் அளந்துதான். மருந்து வைத்திருக்கும் கொம்பிலிருந்து நேராகக் குழலில் கொட்டவே கூடாது. உள்ளே ஒரு கங்கு இருந்தால் கொம்பே கையில் வெடிக்கும். மேலே எண்ணெய் தடவிய பருத்தித் துணி, அதன் மேல் .490 ஈய உருண்டை. உருண்டை மருந்தின் மேல் அழுந்தி உட்கார வேண்டும், இடைவெளி இருந்தால் குழல் வெடிக்கலாம். கெட்டிக்குச்சியில் ஒரு கோடு போட்டு வையுங்கள், சரியாக இறங்கியதா என்று தெரிந்துவிடும்.

கல்லைத் தோல் துண்டில் சுற்றி, குதிரையின் (விசையை இழுத்ததும் பாயும் சுத்தி) தாடையில் இறுக்குங்கள். கல்லின் விளிம்பு முழுவதும் ஃபிரிஸன் எஃகின் (கல் மோதிப் பொறி எழும் தகடு) மேல்பாதியில் நேராகப் படவேண்டும். ஒரு மூலை மட்டும் உரசினால் பொறி பாதிதான் வரும். பொறி விழும் சிறு கிண்ணியில் நான்கு எஃப் மருந்தைக் கொஞ்சமாகப் போடுங்கள். அது குழலுக்குள் தீ போகும் பக்கத்துத் துளையை மூடிவிட்டால் தீ திரி போல நின்று எரிந்து, வெடி தாமதமாகும் என்பது என் கணக்கு. உட்காரும் இடத்துக்குப் போன பிறகுதான் கிண்ணியில் மருந்து போடுவேன். மூடுபனி இருந்தால் மணிக்கொரு தரம் திறந்து பாருங்கள். மருந்து சாம்பல் நிறக் களியாகியிருந்தால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள், கல்லையும் எஃகையும் சேர்த்து உலர்ந்த துணியால் துடையுங்கள். பூட்டின் (குதிரையும் கிண்ணியும் உள்ள பகுதி) மேல் போர்த்த ஒரு தோல் உறை இருந்தால் நல்லது.

ரைஃபிள் சத்தம் கேட்டுச் சலித்த மான்கள் இந்நேரம் ஹெம்லாக் மரங்களும் மலை லாரல் புதரும் மண்டிய இடங்களில் படுத்திருக்கும். வெயில் விழும் தெற்குச் சரிவைப் பாருங்கள். பனியில் புதுக் குளம்புத் தடமும், கிளறிய ஓக் விதையும், அறுவடையில் சிந்திய மக்காச்சோளமும் இருக்கிற இடத்துக்கு அருகே, காற்று உங்கள் முகத்தில் படும்படி மாலையில் உட்காருங்கள். தூரம் 50 கெஜத்துக்குள் இருந்தால் நல்லது. 75க்கு மேல் நான் சுடமாட்டேன்.

சுடும்போது விசையை இழுத்ததும் தலையைத் தூக்கிவிடாதீர்கள். கிண்ணியில் தீ எழுந்து குழலுக்குள் போக ஒரு கணம் ஆகும், அதுவரை குறி அசையக் கூடாது. வெடிக்காவிட்டால் குழலை மான் பக்கமே காட்டியபடி ஒரு நிமிடம் காத்திருங்கள், தாமதித்தும் வெடிக்கும். வெடித்தால் புகையில் ஒன்றும் தெரியாது. குனிந்து புகைக்குக் கீழே பாருங்கள், மான் போன திசையில் ஒரு மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். இன்னொரு தோட்டா கெட்டித்துவிட்டுத்தான் நகர வேண்டும். ஈய உருண்டைக்கு ரத்தத் தடம் குறைவாகவே இருக்கும், பனியில் சொட்டுச் சொட்டாகத் தேடுங்கள்.

காருக்குத் திரும்பும் முன் கிண்ணியைக் காலி செய்யுங்கள். சுடாத மருந்தைக் குழலிலிருந்து தள்ள கார்பன் டை ஆக்சைடு டிஸ்சார்ஜர் கடையில் கிடைக்கிறது. சுட்டிருந்தால் அன்றிரவே சோப்பு நீரில் குழலைக் கழுவி, துடைத்து, எண்ணெய் விடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் துரு பிடித்துவிடும்.