போகோ எஃப்1 போனில் முதல்முறையாக கஸ்டம் ரோம் போடுவது எப்படி?

2018 ஆகஸ்டில் போகோ எஃப்1 இந்தியாவில் வெளியானபோது அதன் தொடக்க விலை 20,999 ரூபாய். அந்த விலைக்கு ஸ்னாப்டிராகன் 845 சிப் கிடைக்கிறது என்பதே அன்றைக்குப் பெரிய பேச்சு. அந்தச் சிப் இன்றைக்கும் அன்றாட வேலைக்குத் தாராளமாகப் போதும். ஆனால் எம்ஐயூஐ 12 (எம்ஐயூஐ என்பது நிறுவனம் தன் போன்களில் போட்டுத் தந்த ஆண்ட்ராய்டு வடிவம்), ஆண்ட்ராய்டு 10 என்பதோடு நிறுவனத்தின் அப்டேட் நின்றுவிட்டது. நன்றாக ஓடுகிற போனை மேஜை டிராயரில் போட்டு வைத்திருக்கும் ஒவ்வொருவருக்காகவும் இதை எழுதுகிறேன். அதில் லீனியேஜ்ஓஎஸ் என்ற கஸ்டம் ரோம், அதாவது நிறுவனம் தந்ததற்குப் பதிலாக நாமே போடும் ஆண்ட்ராய்டு, போட்டால் புதிய ஆண்ட்ராய்டும் பாதுகாப்பு அப்டேட்டும் திரும்பக் கிடைக்கும்.

லீனியேஜ்ஓஎஸ் பற்றி இரண்டு வரி. 2009-இல் ஸ்டீவ் கோண்டிக் தொடங்கிய சயனோஜென்மாட் என்ற திட்டத்தின் வாரிசு இது. அதற்குப் பின்னால் இருந்த நிறுவனம் 2016 டிசம்பரில் கடையை மூடியதும், அதே நிரல்களை எடுத்துக்கொண்டு தன்னார்வலர்கள் லீனியேஜ்ஓஎஸ் என்ற பெயரில் தொடர்ந்தார்கள்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது, "போன் பிரிக் ஆகிவிடுமா?" என்றுதான். ஆன் ஆகாமல் வெறும் செங்கல் போல ஆகிவிடுமா என்று அர்த்தம். சரியான ஃபைலை சரியான வரிசையில் போட்டால் பிரிக் ஆவது அரிது. உண்மையாகவே பறிபோவது உங்கள் போட்டோக்களும் வாட்ஸ்அப் உரையாடல்களும்தான். அதனால் இந்த விளக்கத்தில் ஃபிளாஷ் செய்வதைவிட, அதாவது புதிய மென்பொருளை ஏற்றுவதைவிட, பேக்கப்புக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம்

ரூட் செய்வது வேறு, ரோம் மாற்றுவது வேறு. ரூட் என்பது குடியிருக்கும் வாடகை வீட்டில் பூட்டிக்கிடந்த அறைகளின் சாவியும் நம் கைக்கு வருவது போல. ரோம் மாற்றுவது வீட்டையே இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது. இரண்டுக்கும் வாசலில் நிற்கும் காவலாளிதான் பூட்லோடர், போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடும் நிரல். அவர் வழிவிட்டால்தான் எதுவும் நடக்கும்.

உங்கள் போன் ஏற்கெனவே ரூட் ஆகியிருந்தால் பூட்லோடர் திறந்துதான் இருக்கிறது. பாதித் தூரம் கடந்துவிட்டீர்கள். ரூட் ஆகாத போன் என்றால் திறக்கும் வேலையை முதலில் முடிக்க வேண்டும். அது இப்படி:

செட்டிங்ஸில் 'அபவுட் போன்' போய், எம்ஐயூஐ வெர்ஷன் என்ற வரியை ஏழு முறை தட்டுங்கள். டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதற்குள் 'எம்ஐ அன்லாக் ஸ்டேட்டஸ்' என்று ஒன்று இருக்கும். வைஃபையை அணைத்து, சிம் கார்டின் மொபைல் டேட்டாவில் உங்கள் எம்ஐ கணக்கை அங்கே சேருங்கள். அப்புறம் கணினியில் எம்ஐ அன்லாக் டூலைத் திறந்து, அதே கணக்கில் நுழைந்து, போனை ஃபாஸ்ட்பூட் நிலையில் (ஆண்ட்ராய்டு திறக்கும் முன்பே கணினியின் கட்டளையை ஏற்கும் நிலை; அதற்குப் போகும் வழி படி 3-இல்) இணைத்து அன்லாக் கொடுங்கள். முதல் தடவை பெரும்பாலும் 168 மணி நேரம், அதாவது ஏழு நாள் காத்திருக்கச் சொல்லும். காத்திருங்கள். அவசரப்பட்டுக் கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தால் காத்திருக்கும் நேரம் முதலிலிருந்து ஓடத் தொடங்கிவிடும். திறக்கும் நேரத்தில் போனில் உள்ள எல்லாம் அழியும் என்பதால், அடுத்து வரும் பேக்கப் பகுதியை அதற்கு முன்பே படித்துவிடுங்கள்.

படி 1: பேக்கப்

நான் முதல்முறை ரோம் மாற்றியபோது பேக்கப் எடுக்காமல் இல்லை. டிடபிள்யூஆர்பி என்ற ரெக்கவரியில் (ஆண்ட்ராய்டு திறக்காமலே பேக்கப், ஃபார்மேட் போன்றவற்றைச் செய்யும் சிறு மென்பொருள்தான் ரெக்கவரி) எல்லாப் பெட்டிகளையும் டிக் செய்து, இருபது நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து எடுத்தேன். அது போய் உட்கார்ந்த இடம் போனின் இன்டர்னல் ஸ்டோரேஜ். அடுத்த படியில் 'ஃபார்மேட் டேட்டா' கொடுத்ததும் பேக்கப்பும் சேர்ந்து அழிந்தது. அண்ணன் கல்யாணத்துக்கு முந்தைய நாள் இரவு, பந்தக்கால் பக்கத்தில் பாட்டி பாடியதை எடுத்த வீடியோ அதில் இருந்தது. வேறெங்கும் அதற்கு நகல் இல்லை. அன்றிலிருந்து ஒரே விதி வைத்திருக்கிறேன்: பேக்கப் போனுக்கு வெளியே போய்ச் சேர்ந்ததைக் கண்ணால் பார்க்காமல் அடுத்த படிக்குப் போவதில்லை.

இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். டிடபிள்யூஆர்பியில் 'டேட்டா' என்பதை டிக் செய்தாலும் ஆப்களின் தகவல்தான் பேக்கப்பில் வரும். கேமரா போட்டோ, டவுன்லோடு, வாட்ஸ்அப் படங்கள் இருக்கும் இன்டர்னல் ஸ்டோரேஜ் அதில் சேராது. அதைத் தனியாகத்தான் எடுக்க வேண்டும்.

ஆக, செய்ய வேண்டியது இது. போனைக் கணினியில் இணைத்து இன்டர்னல் ஸ்டோரேஜில் உள்ள அத்தனை ஃபோல்டர்களையும் ஒரு இடத்துக்கு நகலெடுங்கள். முடிந்ததும் கணினியில் நாலைந்து போட்டோவையும் ஒரு வீடியோவையும் திறந்து பாருங்கள். வாட்ஸ்அப்புக்கு அதன் செட்டிங்ஸிலேயே சாட் பேக்கப் கொடுங்கள். தொடர்பு எண்கள் கூகுள் கணக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள். சிலருக்கு பாதி எண்கள் போனில் மட்டும் இருக்கும். இரண்டடுக்குச் சரிபார்ப்புக் குறியீடு தரும் ஆத்தென்டிகேட்டர் ஆப் வைத்திருந்தால் அதை வேறு போனுக்கு மாற்றிவிடுங்கள். பலர் இதை மறந்துவிட்டு, பிறகு தங்கள் கணக்குக்குள்ளேயே நுழைய முடியாமல் நிற்கிறார்கள்.

ரூட் ஆன போனில் டிடபிள்யூஆர்பி இருக்குமானால், 'ஈஎஃப்எஸ்' என்ற பெட்டியை மட்டும் டிக் செய்து ஒரு பேக்கப் எடுங்கள். 'பெர்சிஸ்ட்' என்று ஒரு பெட்டி தெரிந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஐஎம்இஐ எண், சென்சார் அளவீடுகள் போன்ற அந்தந்தப் போனுக்கே உரிய தகவல்கள் இங்கேதான் இருக்கின்றன. இவை கெட்டுப்போனால் ரோம் எத்தனை முறை மாற்றினாலும் சிக்னல் வராது. வேறொருவர் போனிலிருந்து கடன் வாங்கவும் முடியாது. மெமரி கார்டு இருந்தால் அதில் சேமியுங்கள், பிறகு கணினிக்கும் ஒரு நகல் எடுங்கள்.

கடைசியாக, பூட்லோடர் திறந்து முடிந்த பிறகு, கூகுள் கணக்கையும் எம்ஐ கணக்கையும் போனிலிருந்து நீக்கி, ஸ்கிரீன் லாக்கையும் எடுத்துவிடுங்கள். கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தால் புதிய ரோமில் பழைய பாஸ்வேர்டைக் கேட்டு நிறுத்திவிட வாய்ப்பு உண்டு.

படி 2: ஃபைல்களைச் சேர்ப்பது

ஒவ்வொரு போனுக்கும் ஒரு குறிப்பெயர் உண்டு. போகோ எஃப்1-இன் குறிப்பெயர் பெரிலியம். கடையில் சொல்லும் பெயரை நம்பி ஃபைல் இறக்காதீர்கள். போகோ எஃப்2 ப்ரோவுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஃபைல் பெயரில் பெரிலியம் என்று இருந்தால்தான் அது உங்களுக்கானது.

தேவைப்படுபவை நான்கு: லீனியேஜ்ஓஎஸ் தளத்தில் பெரிலியம் பக்கத்திலுள்ள ரோம் ஜிப், அதே பக்கத்திலுள்ள ரெக்கவரி இமேஜ், கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் மைண்ட்தகேப்ஸ் ஜிப், கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்க கூகுள் தரும் பிளாட்ஃபார்ம் டூல்ஸ். மைண்ட்தகேப்ஸில் ஆர்ம்64 வகையை (இந்தப் போனின் ப்ராசஸர் வகை), ரோமின் ஆண்ட்ராய்டு எண்ணோடு பொருந்தும் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும்.

ரோம் பக்கத்தில் எஸ்எச்ஏ256 என்று ஒரு நீண்ட எழுத்துக்கோர்வை கொடுத்திருப்பார்கள். விண்டோஸில் செர்ட்யூட்டில் கட்டளையால் நீங்கள் இறக்கிய ஃபைலின் கோர்வையைக் கண்டுபிடித்து ஒப்பிடுங்கள். முதல் ஆறு எழுத்தும் கடைசி ஆறு எழுத்தும் பொருந்தினால் ஃபைல் பாதியில் அறுபடவில்லை என்று அர்த்தம்.

போனில் இருக்கும் எம்ஐயூஐயையும் கடைசிப் பதிப்புக்கு அப்டேட் செய்துவிட்டுத் தொடங்குங்கள். ரோம் மாறினாலும் அடியில் இருக்கும் மோடம் போன்றவற்றின் ஃபர்ம்வேர் (அந்தப் பாகங்களை இயக்கும் மென்பொருள்) பழையதாகவே இருந்தால் தொல்லை தரும்.

படி 3: ஃபாஸ்ட்பூட்

இனி வரும் கட்டளைகளை உச்சரிப்பின்படி தமிழில் எழுதுகிறேன். தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில், சொற்களுக்கு நடுவே இடைவெளி விட்டுத் தட்டுங்கள்.

பேட்டரி 60 சதவீதத்துக்கு மேல் இருக்கட்டும். போனை அணைத்து, வால்யூம் குறைக்கும் பட்டனையும் பவர் பட்டனையும் சேர்த்து அழுத்துங்கள். காது மடல் தொங்கும் ரஷ்யத் தொப்பி போட்ட முயல் ஒன்று ஆண்ட்ராய்டு பொம்மையைப் பழுதுபார்க்கும் படம் வந்தால், ஃபாஸ்ட்பூட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

கணினியில் பிளாட்ஃபார்ம் டூல்ஸ் ஃபோல்டருக்குள் கட்டளைத் திரையைத் திறந்து 'ஃபாஸ்ட்பூட் டிவைசஸ்' கொடுங்கள். ஒரு சீரியல் எண்ணும் பக்கத்தில் ஃபாஸ்ட்பூட் என்ற சொல்லும் வர வேண்டும். ஒன்றுமே வரவில்லை என்றால் டிரைவர் இல்லை. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் குறியோடு ஆண்ட்ராய்டு என்று நிற்கும், அதற்கு டிரைவர் போடுங்கள்.

ஏஎம்டி ப்ராசஸர் கணினி வைத்திருப்பவர்கள் இதைக் கவனியுங்கள். கட்டளை கொடுத்த உடனே முயல் படம் மறைந்து, கறுப்புத் திரையின் மூலையில் 'பிரஸ் எனி கீ டு ஷட்டவுன்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி வரலாம். போன் கெட்டுவிட்டதென்று பலர் இங்கே பயந்து விட்டுவிடுகிறார்கள். யூஎஸ்பி 3 இணைப்பில் வரும் சிக்கல் இது. பழைய யூஎஸ்பி 2 ஹப் ஒன்றை நடுவில் வைத்து இணைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

அடுத்து 'ஃபாஸ்ட்பூட் கெட்வார் ப்ராடக்ட்' கொடுங்கள். பெரிலியம் என்று பதில் வந்தால் ஃபைலும் போனும் ஒன்றுதான் என்று உறுதியாகிவிட்டது.

படி 4: ரெக்கவரி

'ஃபாஸ்ட்பூட் ஃபிளாஷ் ரெக்கவரி' என்று தட்டி, ஓர் இடைவெளி விட்டு, ரெக்கவரி இமேஜின் ஃபைல் பெயரைக் கொடுங்கள். சில நொடிகளில் முடிந்துவிடும்.

இப்போது போனை சாதாரணமாக ஆன் செய்துவிடாதீர்கள். எம்ஐயூஐ ஒருமுறை திறந்தால் தன் ரெக்கவரியைத் திரும்ப எழுதிவிடும், நீங்கள் போட்டது காணாமல் போகும். கேபிளைக் கழற்றி, வால்யூம் கூட்டும் பட்டனையும் பவரையும் சேர்த்து அழுத்திப் பிடித்து நேராக ரெக்கவரிக்குப் போங்கள். லீனியேஜின் சின்னம் மேலே தெரிந்தால் சரி.

படி 5: ஃபார்மேட் டேட்டா

'ஃபேக்டரி ரீசெட்', அதற்குள் 'ஃபார்மேட் டேட்டா'. இதைத் தவிர்க்கவே முடியாது. எம்ஐயூஐ தன் சாவியால் பூட்டி வைத்த தரவைப் புதிய ரோமால் திறக்க முடியாது. இதை விட்டுவிட்டால் ரோம் சரியாக ஏறியிருந்தும் போன் லோகோவிலேயே சுற்றிக்கொண்டிருக்கும். "பூட்லூப் ஆகிறது" என்று என்னிடம் வருகிறவர்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வி இதுதான். ஃபார்மேட் கொடுக்கும் முன் கணினியில் பேக்கப் ஃபோல்டரை இன்னொரு முறை திறந்து பார்த்துவிடுங்கள்.

படி 6: ரோம் ஏற்றுவது

ரெக்கவரியின் முதல் பக்கத்துக்குத் திரும்பி 'அப்ளை அப்டேட்', பிறகு 'அப்ளை ஃப்ரம் ஏடிபி', அதாவது கணினியிலிருந்து கேபிள் வழியாக ஏற்றுவது. கேபிளை மறுபடி இணைத்து, கணினியில் 'ஏடிபி சைட்லோடு' என்று தட்டி ரோம் ஜிப்பின் பெயரைக் கொடுங்கள்.

சதவீதம் ஏறிக்கொண்டே வரும். 47-இல் அப்படியே நின்றுவிடக்கூடும். கடைசியில் 'ஃபெயில்ட் டு ரீட் கமாண்ட்: சக்சஸ்' என்று தோல்வியையும் வெற்றியையும் ஒன்றாகச் சொல்லும் ஒரு வரிகூட வரலாம். கேபிளைப் பிடுங்காதீர்கள். கணினி சொல்வதை விட்டுவிட்டுப் போன் திரையைப் பாருங்கள். அங்கே பிழை எதுவும் இல்லாமல் வேலை முடிந்திருந்தால் ரோம் ஏறிவிட்டது.

மாறாக, இந்தப் பேக்கேஜ் வேறு சாதனத்துக்கானது என்று பிழை வந்தால் (டிடபிள்யூஆர்பியில் எரர் 7 என்று வரும்) நிறுத்திவிடுங்கள். ஜிப்புக்குள் புகுந்து அந்தச் சோதனை வரியை அழித்துவிட்டு ஏற்றச் சொல்லும் யோசனைகள் நிறைய உலவுகின்றன. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அந்த வரி உங்கள் போனைக் காப்பாற்றத்தான் அங்கே இருக்கிறது.

கூகுள் ஆப்கள் வேண்டுமென்றால் இப்போதே, முதல்முறை ஆன் செய்வதற்கு முன்பே, அதே வழியில் மைண்ட்தகேப்ஸ் ஜிப்பை ஏற்றுங்கள். 'சிக்னேச்சர் வெரிஃபிகேஷன்' தோல்வி என்று கேட்கும். அது லீனியேஜின் கையெழுத்து இல்லாத ஃபைல் என்பதால் வருவது, 'யெஸ்' கொடுக்கலாம். ஆன் செய்தபிறகு நினைவு வந்து போட்டால் ஆப்கள் அடிக்கடி நின்றுபோகும், மறுபடி ஃபார்மேட்டிலிருந்து வர வேண்டியிருக்கும்.

படி 7: முதல் பூட்

'ரீபூட் சிஸ்டம் நவ்'. ஒரு வளைகோட்டின் மேல் வட்டம் நகர்ந்துகொண்டே இருக்கும். 15 நிமிடம் வரை பொறுங்கள். அதற்கு மேலும் நகர்ந்துகொண்டே இருந்தால் ரெக்கவரிக்குத் திரும்பி ஃபார்மேட் டேட்டாவிலிருந்து மறுபடி செய்யுங்கள்.

திறந்ததும் ஸ்டார் ஹேஷ் 06 ஹேஷ் தட்டி ஐஎம்இஐ வருகிறதா என்று பாருங்கள். யாருக்காவது போன் செய்து இரண்டு பக்கமும் கேட்கிறதா என்று பாருங்கள். கேமரா, விரல்ரேகை, ஜிபிஎஸ் மூன்றையும் சோதித்த பிறகே பழைய ஃபைல்களைத் திரும்ப ஏற்றுங்கள்.

ரூட் இப்போது போயிருக்கும்; வேண்டுமானால் மேஜிஸ்க் என்ற ரூட் கருவி வழியாக மறுபடி செய்ய வேண்டும். ஆனால் சில வாரம் ரூட் இல்லாமல் ஓட்டிப் பாருங்கள் என்பேன். பூட்லோடர் திறந்திருப்பதாலேயே சில வங்கி ஆப்களும் யூபிஐ ஆப்களும் வேலை செய்ய மறுக்கும், ரூட் அதை இன்னும் கடினமாக்கும். சம்பளக் கணக்கு முழுக்க இந்தப் போனில்தான் என்றால், ரோம் மாற்றும் முன்பே இதை யோசித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது போனாக வைத்துக்கொள்வதே நல்லது.

பிடிக்கவில்லை, எம்ஐயூஐக்கே திரும்ப வேண்டும் என்றால், பெரிலியத்துக்கான ஃபாஸ்ட்பூட் ரோமை எம்ஐ ஃபிளாஷ் டூலில் போடலாம். அந்தச் சாளரத்தின் அடியில் 'கிளீன் ஆல் அண்ட் லாக்' என்பது தானாகவே தேர்வாகி நிற்கும். அதை 'கிளீன் ஆல்' என்று மாற்றிவிட்டு ஃபிளாஷ் பட்டனைத் தொடுங்கள். வேற்று நாட்டுப் பதிப்பையோ கஸ்டம் ரோமையோ வைத்துக்கொண்டு பூட்லோடரைப் பூட்டினால், 'தி சிஸ்டம் ஹேஸ் பீன் டெஸ்ட்ராய்டு' என்ற வரியோடு போன் நின்றுவிடும்.